டி4-ஐக் குறிவைத்து, எஃப்7-ஐக் காத்து: க்ரூன்ஃபெல்ட் தற்காப்பின் உள்வேலை

செஸ் படிக்க வரும் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தருவது ஒன்று உண்டு: மையத்தைப் பிடி. டி4, இ4 கட்டங்களில் சிப்பாய் வை, குதிரையையும் பிஷப்பையும் வெளியே கொண்டுவா, கேஸ்லிங் செய். வெள்ளையின் டி4 தொடக்கத்துக்குக் கறுப்பு சொல்லும் பதில்களில் ஒன்றான க்ரூன்ஃபெல்ட் தற்காப்பில், கறுப்பு ஆடுபவர் ஆறே நகர்த்தல்களில் இந்தப் பாடத்தைக் காற்றில் விட்டிருப்பார். டி4-இலும் இ4-இலும் வெள்ளைச் சிப்பாய்கள் தோளோடு தோள் நிற்கும். கறுப்புக்கு மையத்தில் ஒரு சிப்பாயும் இருக்காது. மூன்று முறை நகர்த்திய குதிரையும் வெட்டுப்பட்டுப் பெட்டிக்குள் போயிருக்கும். பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்ப்பவர் கறுப்புக்காகப் பரிதாபப்படுவார். ஆனால் காஸ்பரோவ் உலகப் பட்டத்துக்கு ஆடியபோது தொடர்ந்து கையில் எடுத்த ஆயுதம் இது. எட்டு முறை ரஷ்ய சாம்பியனான பீட்டர் ஸ்விட்லர் இதை வைத்தே ஒரு காலம் ஓட்டினார்.

கட்டங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம்: வெள்ளை உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். காயின் பெயர் இல்லையென்றால் அது சிப்பாய். × என்றால் வெட்டு. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் நகர்த்தல்; நகர்த்தலுக்குப் பின் ! இருந்தால் அது அருமையான நகர்த்தல். பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

1. டி4 குதிரை எஃப்6
2. சி4 ஜி6
3. குதிரை சி3 டி5
4. சி×டி5 குதிரை×டி5
5. இ4 குதிரை×சி3
6. பி×சி3 பிஷப் ஜி7

இதை "எக்ஸ்சேஞ்ச்" வகை என்பார்கள். க்ரூன்ஃபெல்டின் எண்ணம் இதில்தான் ஒளிவுமறைவில்லாமல் தெரியும்.

மூன்றாவது நகர்த்தலில் வரும் டி5 தாமதிக்கக் கூடாத ஒன்று. பலர் பழக்கதோஷத்தில் முதலில் பிஷப்பை ஜி7-க்குக் கொண்டுபோய்விட்டு, பிறகு டி5 ஆடலாம் என்று நினைப்பார்கள். நடுவில் வெள்ளை 4. இ4 வைத்துவிட்டால் கதை முடிந்தது. அதற்குப் பிறகு டி5 ஆடினால் சி×டி5 என்று வெள்ளை வெட்டும். டி5-இல் வந்து நிற்கும் சிப்பாய்க்கு இ4 சிப்பாயும் சி3 குதிரையும் காவல். குதிரையால் திருப்பி வெட்டினால் ஒரு சிப்பாய்க்குக் குதிரையையே கொடுத்ததாகிவிடும். அந்த நிலையில் கறுப்பு டி6 வைத்து கிங்ஸ் இந்தியன் என்ற வேறொரு தற்காப்புக்குப் போக வேண்டியதுதான். சி3-க்குக் குதிரை வந்த உடனே, இ4 விழுவதற்கு முன்னால் டி5 வர வேண்டும். வெள்ளை 3. குதிரை எஃப்3 என்று ஆடினால் அவசரமில்லை. பிஷப்பை ஜி7-க்குக் கொண்டுவந்து, 4. குதிரை சி3-க்கு டி5 என்று பதில் சொல்லலாம்.

அடுத்து, 5. இ4 வந்ததும் குதிரை எங்கே போக வேண்டும்? பி6-க்குப் பின்வாங்கலாம், சட்டப்படி தப்பில்லை. ஆனால் சி3-இல் வெட்டுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. வெட்டினால் வெள்ளையின் பி சிப்பாய் சி3-க்கு வந்துவிடும். வெள்ளையின் இடப்பக்கத்தில் ஏ சிப்பாய் தனியாள். கறுப்பிடம் ஏ, பி இரண்டும் இருக்கின்றன. பின்னால் சி5 சிப்பாய் டி4-இல் மாறிக்கொண்டதும், அந்தப் பக்கம் கறுப்புக்கு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு. ராணிகள் வெளியேறி இறுதியாட்டம் வந்தால் அங்கே ஓடும் சிப்பாய் (எதிர்ச் சிப்பாய் எதுவும் தடுக்க முடியாதது) ஒன்று உருவாகும். பி6-க்குப் பின்வாங்கினால் இந்த வரவு எதுவும் இல்லை. வெள்ளை நிதானமாகக் காய்களை எடுத்து வைக்கும்.

டி4-ஐ இனி எண்ணிப் பார்க்கலாம். வழக்கமான பழைய வழி இப்படிப் போகும்:

7. பிஷப் சி4 சி5
8. குதிரை இ2 குதிரை சி6
9. பிஷப் இ3 கேஸ்லிங்
10. கேஸ்லிங் பிஷப் ஜி4

பத்தாவது நகர்த்தலில் கறுப்பு பிஷப்பைத் தொடுவதற்கு முந்தைய நொடியில் நிறுத்துங்கள். டி4 சிப்பாயை அடிப்பவர்கள்: சி5 சிப்பாய், சி6 குதிரை, ஜி7 பிஷப், திறந்துகிடக்கும் டி வரிசை வழியாக டி8 ராணி. நான்கு. காப்பவர்கள்: சி3 சிப்பாய், இ2 குதிரை, இ3 பிஷப், டி1 ராணி. அதுவும் நான்கு. தராசு நேராக நிற்கிறது. பிஷப் ஜி4-க்கு வந்ததும் இ2 குதிரை கட்டுண்டுபோகிறது. அது அசைந்தால் பின்னால் ராணி விழும். காவலில் ஓர் ஆள் குறைந்தாயிற்று. க்ரூன்ஃபெல்டில் கறுப்பின் நல்ல நகர்த்தல் ஒவ்வொன்றும் ஒன்று டி4-ஐ அடிப்பதாக இருக்கும், அல்லது டி4-ஐக் காப்பவரை அடிப்பதாக இருக்கும். இந்த இரண்டிலும் சேராத நகர்த்தல் ஒன்று இடையில் விழுந்தால் வெள்ளை டி5 தள்ளிவிடும். அடிபட வேண்டிய சிப்பாய் அப்போது அடிக்கிற சிப்பாயாகிவிடும்.

டி4 தாக்கப்படும் கட்டம் என்றால், கறுப்பு விலைகொடுக்கும் கட்டம் எஃப்7. ஜி7 பிஷப்பும் சி6 குதிரையும் ராணியும் டி4-ஐப் பார்த்துக்கொண்டிருக்கையில், எஃப்7-க்கு ராஜாவும் எஃப்8 யானையும்தான் துணை. இந்தத் தற்காப்பின் பேர்போன தோல்விகளை அடுக்கிப் பார்த்தால், முடிச்சு திரும்பத் திரும்ப இந்தக் கட்டத்தைச் சுற்றியே விழுந்திருப்பது தெரியும்.

முதல் உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. இந்தத் தற்காப்புக்கு வியன்னாக்காரர் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்டின் பெயர் வந்தது 1922-க்குப் பிறகு. பதிவாகியுள்ள முதல் ஆட்டம் 1855-இல் கல்கத்தாவில் நடந்தது. வெள்ளை ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஜான் காக்ரேன். கறுப்பு வங்காளத்தைச் சேர்ந்த மகேஷ்சந்திர பானர்ஜி. இந்திய முறை ஆட்டத்தில் சிப்பாய் முதல் அடியில் இரண்டு கட்டம் தாண்டாது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஜி6 வைத்து, ஓரத்திலிருந்து பிஷப்பை எட்டிப் பார்க்கவைப்பது இயல்பாக வந்தது. எஃப்6 குதிரையில் தொடங்கும் தற்காப்புகளுக்கு "இந்தியன்" என்று பெயர் ஒட்டிக்கொண்டதில் இந்த ஆட்டங்களுக்கும் பங்கு உண்டு. ஐரோப்பா 1920-களில் புதுமை என்று கொண்டாடியதை பானர்ஜி 67 ஆண்டு முன்னாலேயே ஆடிவிட்டார்.

அன்றைய ஆட்டத்தில் காக்ரேன் இ4-க்குப் பதிலாக இ3 வைத்தார். பானர்ஜி ஆடியது இன்றைய புத்தகம் சொல்வதேதான்: டி5, சி3-இல் குதிரையை மாற்றுதல், சி5, குதிரை சி6, பிஷப் ஜி4. பதினான்காவது நகர்த்தலில் எஃப்8 யானையை இ8-க்கு மாற்றினார். எஃப்7-க்கு ராஜா மட்டுமே துணை என்று ஆனது. காக்ரேனின் ராணி பி3-இல் நின்று அந்த மூலைவிட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. 17-ஆவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வந்தது. கறுப்பு பிஷப்பால் இ2-ஐ வெட்டியது. குதிரை எஃப்7-ஐ வெட்டியது. ராணியை அடிக்கலாம் என்று கறுப்புக் குதிரை ஏ5-க்கு ஓடியது. அதற்குப் பின் காத்திருந்தது மூன்று நகர்த்தல் செக்மேட்: குதிரை எச்6 இரட்டைச் செக், ராஜா எச்8, ராணி ஜி8 செக், யானை×ஜி8, குதிரை எஃப்7 மேட். தன் காய்களே சுற்றி அடைத்துக்கொண்டதில் ராஜாவுக்கு மூச்சுவிட இடமில்லை. டி4-மேல் கண்வைத்தவர் எஃப்7-ஐ மறந்த முதல் ஆட்டம் இது.

முதல் உலகப்போருக்குப் பிறகு ஐரோப்பாவில் நிம்சோவிச், ரேட்டி, பிரேயர், டார்டகோவர் போன்றவர்கள், மையத்தில் சிப்பாயை நிறுத்தித்தான் தீரவேண்டும் என்று ஜெர்மானிய ஆட்டக்காரர் டாரஷ் வகுத்த இலக்கணத்தை எதிர்த்துக் கிளம்பினார்கள். மையத்தைத் தொலைவிலிருந்து காய்களால் ஆளலாம், எதிரி அங்கே சிப்பாய் வைத்தால் அது அவருக்கே சுமை என்றார்கள். இந்தக் கூட்டத்துக்கு "ஹைப்பர்மாடர்ன்" என்று பெயர். 1924 நியூயார்க் போட்டியில் ரேட்டி, எட்டு ஆண்டுகளாகத் தோற்காதிருந்த அன்றைய உலக சாம்பியன் காபபிளாங்காவை குதிரை எஃப்3 என்று தொடங்கி வீழ்த்தியது அவர்களுடைய கொடியேற்றம். க்ரூன்ஃபெல்ட் அதற்கு முன்பே 1922 வியன்னாப் போட்டியில் தன் புதிய தற்காப்பால் அலெகினைத் தோற்கடித்திருந்தார். சிறுவயதிலேயே ஒரு காலை இழந்தவர் அவர். தொடக்க ஆட்டங்களைச் சேகரித்து மனத்தில் நிறுத்துவதில் பேரெடுத்தவர். இந்தத் தற்காப்பு ஞாபகசக்தியைப் பிழிந்தெடுப்பதற்கு அதைக் கண்டெடுத்தவரின் குணமும் காரணமோ என்று தோன்றும்.

மறுபடி பலகைக்கு வருவோம். 10... பிஷப் ஜி4-க்கு வெள்ளை 11. எஃப்3 என்று விரட்டும். புதிதாக ஆடுபவர் பிஷப்பை டி7-க்கு இழுத்துக்கொள்வார். அதனால் ஒரு நகர்த்தல் வீண். சரியான பதில் 11... குதிரை ஏ5. இரண்டு பிஷப்களும் ஒரே நேரத்தில் அடிபட்டு நிற்கின்றன. வெள்ளை எஃப்×ஜி4 என்று வெட்டினால் கறுப்பு குதிரை×சி4; அந்தக் குதிரை அங்கிருந்து இ3 பிஷப்பையும் அடிக்கும். 12. பிஷப் டி3 என்று ஒதுங்கினால் சி×டி4, சி×டி4, அதன்பின் பிஷப் இ6. கறுப்பு பிஷப்புக்கு இப்போது சி4-உம் ஏ2-உம் இலக்கு. இங்கே வெள்ளையின் கூர்மையான பதில் 14. டி5. ஏ1 யானையை அப்படியே ஜி7 பிஷப்புக்குத் தின்னக் கொடுத்துவிடுகிறது. யானையைத் தின்ற பிஷப்பை ராணி வெட்டும். கறுப்பு ராஜாவைச் சுற்றியுள்ள கறுப்புக் கட்டங்களுக்குக் காவலாளி போய்விட்டான். எச்6-க்கு வெள்ளை பிஷப் வந்தால் ஜி7-இல் மேட் என்பதால் எஃப்6 உடனே வேண்டும். பொருள் கணக்கில் கறுப்பு மேலே. ஆனாலும் நிம்மதி கிடையாது.

மூன்றாவது பதில்தான் 1987-இல் ஸ்பெயினின் செவில் நகரில் நடந்த உலகப் பட்ட மோதலைத் திணறவைத்தது: 12. பிஷப்×எஃப்7 செக். யானை வெட்டும்; 13. எஃப்×ஜி4 யானை×எஃப்1 செக், 14. ராஜா×எஃப்1. கார்போவ் இதைக் காஸ்பரோவுக்கு எதிராகக் கொண்டுவந்தபோது பலரும் முகம் சுளித்தார்கள். வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதல்தான், ஆனால் அது ஜி வரிசையில் இரட்டையாக நிற்கும் நோஞ்சான் சிப்பாய். ராஜாவுக்கும் வீடு இல்லை. கார்போவின் நோக்கம் வேறு. இ5 வைத்து, தேவைப்பட்டால் ஜி5-உம் வைத்தால் ஜி7 பிஷப் சிறைப்பட்டுவிடும். க்ரூன்ஃபெல்டில் அந்த பிஷப்பின் கண்ணைக் கட்டினால் பாதி வேலை முடிந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் அவர் இந்த வழியில் வென்றார். பதினோராவது ஆட்டத்தில் அதே வழியில் தவறிழைத்துத் தோற்றார்.

குதிரையை இ2-இல் வைக்காமல் எஃப்3-க்கு ஏன் கொண்டுவரக்கூடாது? பல பத்தாண்டுகள் அது தப்பு என்றே புத்தகங்கள் சொல்லின. பிஷப் ஜி4 வந்து கட்டிப்போடும், எஃப்3 சிப்பாயால் விரட்டவும் முடியாது என்பது வாதம். 1980-களில் அந்த நம்பிக்கையை உடைத்தது 7. குதிரை எஃப்3 சி5, 8. யானை பி1 என்ற வரிசை. யானையின் அந்த ஓர் அடி இரண்டு வேலை செய்கிறது. ஏ1-எச்8 மூலைவிட்டத்திலிருந்து யானை விலகிவிட்டதால் டி5 தள்ளினால் யானை விழும் என்ற பயம் போயிற்று. சி8 பிஷப் ஜி4-க்குக் கிளம்பினால் பி7 சிப்பாய் அனாதை. யானை அங்கே இறங்கிவிடும். கட்டுப்போடும் திட்டமே முறிந்துபோகிறது.

இதற்குக் கறுப்பின் பதில்கள் இரண்டு. கேஸ்லிங், பிஷப் இ2 முடிந்தபின் 9... குதிரை சி6 ஆடினால் 10. டி5 வரும். சி3 சிப்பாயை பிஷப் செக்கோடு தின்னலாம்; 11. பிஷப் டி2, பிஷப்கள் மாறும், வெள்ளை ராணி டி2-க்கு வரும். கறுப்புக்கு ஒரு சிப்பாய் லாபம், ராஜா கோட்டையில் ஓட்டை. எச் சிப்பாயைத் தள்ளிக்கொண்டு வெள்ளை வரும். தைரியமானவர்களுக்கு மட்டும். இன்னொன்று 9... சி×டி4, 10. சி×டி4 ராணி ஏ5 செக். வெள்ளை ராணியை டி2-இல் வைத்தால் மாற்றிக்கொண்டு இறுதியாட்டம். முன்னே சொன்ன இரண்டுக்கு ஒன்று கணக்கு கறுப்பின் கையில் இருக்கும். 11. பிஷப் டி2 என்றால் ராணி×ஏ2. ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டு 12. கேஸ்லிங் செய்யும் வெள்ளைக்கு முழு மையமும் வேகமும் ஈடு. கறுப்பு பெரும்பாலும் 12... பிஷப் ஜி4 ஆடும். இந்தக் கட்டத்துக்குப் பிறகு இருபத்தைந்தாவது நகர்த்தல்வரை மனப்பாடம் செய்யாமல் உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

மனப்பாடம் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு விஸ்வநாதன் ஆனந்தைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. 2010 ஏப்ரல் 24, பல்கேரியாவின் சோஃபியா. டோபலோவுடன் உலகப் பட்ட மோதலின் முதல் ஆட்டம். ஆனந்த் கறுப்பு, க்ரூன்ஃபெல்ட். பத்தாவது நகர்த்தல்வரை நாம் மேலே பார்த்த நிலைதான். அங்கே அவர் பிஷப்பை ஜி4-க்கு அனுப்பாமல் குதிரையை ஏ5-க்கு அனுப்பி, பி6, இ5 என்று போனார். ஜி7 பிஷப்பை டோபலோவ் எச்6 வழியாக வந்து மாற்றிக்கொண்டார். டி4-இல் கறுப்புக்கு ஓர் ஓடும் சிப்பாய் கிடைத்தது. பதிலுக்கு வெள்ளை எஃப்4, எஃப்5 என்று ராஜாவை நோக்கி நகர்ந்தது. குதிரை எச்5-இல் குந்தியது. எச் வரிசை திறந்தது. 23. யானை எஃப்3: எச்3-க்கு வரப்போகிறது என்று பலகையே சொல்கிறது.

இங்கே தேவைப்பட்டது சி8 பிஷப்பை டி7-க்கு எடுத்து யானைகளை இணைப்பது. ஆனந்த் வீட்டில் பார்த்துவைத்திருந்த நகர்த்தல்களின் வரிசை மனத்தில் குழம்பிவிட்டது. ராஜாவை எஃப்7-க்கு நகர்த்தினார். உடனே 24. குதிரை×எஃப்6! ராஜா வெட்டியதும் யானை எச்3-க்கு வருகிறது. எச்6-இல் செக், எச்7-இல் செக், இரண்டாவது யானை சி7-இல் இறங்குகிறது. முப்பதாவது நகர்த்தலில் டோபலோவின் யானை சி8 பிஷப்பை வெட்டியதும் ஆனந்த் கைகொடுத்துவிட்டார். கடைசிவரை அந்த பிஷப் பிறந்த கட்டத்தைவிட்டு அசையவில்லை. மொத்த மோதலை ஆனந்த் 6.5–5.5 என்று வென்றார். ஆனாலும் க்ரூன்ஃபெல்ட் பற்றிப் பேசும் எவரும் அந்த 23-ஆவது நகர்த்தலைத் தாண்டிப் போக முடியாது.

இதே ஆனந்த் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தபோது காட்டிய வழிகளும் படிக்கத் தக்கவை. 2012-இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுடன் ஆடியபோது முதல் ஆட்டத்தில் எக்ஸ்சேஞ்ச் வகையை எடுத்து டிரா செய்தார். அடுத்து வெள்ளை வந்தபோது மூன்றாவது நகர்த்தலிலேயே 3. எஃப்3. குதிரை இன்னும் சி3-க்கு வரவில்லை. ஆகவே கறுப்பு டி5 ஆடி மாற்றிக்கொண்டாலும் சி3-இல் வெட்ட எதுவும் இல்லை, குதிரை பி6-க்குத்தான் போக வேண்டும். வெள்ளைக்கு மையமும் கிடைக்கும், சிப்பாய் அமைப்பும் கெடாது. கெல்ஃபாண்ட் அந்த ஆட்டத்தில் டி5-ஐயே ஆடினார்; ஆட்டம் டிராவானது. எட்டாவது ஆட்டத்தில் திரும்பவும் 3. எஃப்3 வந்தபோது டி5-ஐக் கைவிட்டு 3... சி5, 4. டி5 டி6 என்று போனார். கறுப்பு ராணி எஃப்3-இல் செக் கொடுத்து எச்1 யானையைத் தின்றது. 17. ராணி எஃப்2! தின்ற ராணி மூலையில் மாட்டிக்கொண்டது. வெள்ளை பிஷப் டி3-க்கு விலகினால் பி1 யானை முதல் வரிசை முழுவதும் பார்க்கும், ராணி காலி. ஒரு குதிரையைப் பலிகொடுத்துத்தான் ராணியை மீட்க முடியும் என்றதும் கெல்ஃபாண்ட் விட்டுக்கொடுத்தார். 17 நகர்த்தலில் முடிந்த ஆட்டம். உலகப் பட்ட மோதல்களில் ஆடி முடித்த வெற்றிகளில் இதைவிடக் குறுகியது இல்லை.

2014 சோச்சியில் கார்ல்சன் முதல் ஆட்டத்தில் க்ரூன்ஃபெல்ட் ஆட, ஆனந்த் வேறொரு கதவைத் திறந்தார்: 4. சி×டி5 குதிரை×டி5, 5. பிஷப் டி2. இப்போது கறுப்பு சி3-இல் வெட்டினால் சிப்பாய் அல்ல, பிஷப் திருப்பி வெட்டும். சி3-இல் நின்று ஜி7 பிஷப்போடு நேருக்கு நேர் முறைத்துக்கொள்ளும். ஆட்டம் டிராவானது. இதே எண்ணத்தின் விசித்திரமான வடிவம் ஆர்மீனியர் நாடானியனின் 5. குதிரை ஏ4. மாற்றத்தையே மறுத்துக் குதிரை ஓரத்துக்கு ஓடுகிறது. அதை ஆட நெஞ்சழுத்தம் வேண்டும்.

மற்ற வழிகளில் அடிக்கடி எதிரே வருபவை இரண்டு. ஒன்று ரஷ்யன் முறை: 4. குதிரை எஃப்3 பிஷப் ஜி7, 5. ராணி பி3 டி×சி4, 6. ராணி×சி4 கேஸ்லிங், 7. இ4. வெள்ளை சிப்பாயை இழக்காமல், அமைப்பு கெடாமல் மையத்தைப் பெற்றுவிடுகிறது. குறை என்னவென்றால் ராணி தெருவுக்கு வந்துவிட்டது. ராணியை விரட்டும் ஒவ்வோர் அடியும் கறுப்புக்கு இலவசம். 7... ஏ6 ஆடி பி5 தள்ளுவது நேர்வழி. 7... பிஷப் ஜி4 ஆடி, எஃப்6 குதிரையை டி7 வழியாக பி6-க்குக் கொண்டுபோய் ராணியைக் குத்துவது ஸ்மிஸ்லோவ் காட்டிய வழி. 7... குதிரை ஏ6 ஆடி சி5-க்குத் தயாராவது இன்னொன்று. 1986 மோதலில் கார்போவ் இந்த ரஷ்யன் முறையாலும் பிஷப் எஃப்4 முறையாலும் காஸ்பரோவின் க்ரூன்ஃபெல்டை மூன்று முறை உடைத்தார். பட்டம் காஸ்பரோவிடம்தான் இருந்தது. ஆனாலும் மறுவருடம் அதே தற்காப்போடு செவிலில் போய் உட்கார்ந்தார். பதின்மூன்று வயது ஃபிஷர் 1956-இல் டொனால்டு பைர்னை ராணியைப் பலிகொடுத்து வென்ற பெரும்புகழ் ஆட்டமும் ராணி வெளியே வந்து அலைந்த இதே வகைதான்: பிஷப் ஜி4, குதிரை ஏ4 என்று ராணியையும் மையத்தையும் சேர்த்து அடித்தார்.

இன்னொன்று 4. பிஷப் எஃப்4 பிஷப் ஜி7, 5. இ3. இதில் 5... கேஸ்லிங் ஆடினால் வெள்ளை டி5-இல் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு 8. பிஷப்×சி7 என்று ஒரு சிப்பாயை எடுக்கலாம். பயப்பட வேண்டாம்: 8... குதிரை ஏ6. பேராசைப்பட்டு 9. பிஷப்×ஏ6 என்றால் 9... ராணி×ஜி2! எச்1 யானை அடிபடுகிறது. 10. ராணி எஃப்3 என்று மாற்ற வேண்டியதாகும், அதன்பின் பி×ஏ6. பொருள் சமம், கறுப்புக்கு இரண்டு பிஷப்கள். இந்தச் சின்ன வழியைத் தெரிந்துவைத்திருந்தால் போட்டியில் அரைமணி நேரம் மிச்சம்.

கிளப் ஆட்டங்களில் கறுப்பு தோற்கும் விதம் இவ்வளவு சூட்சுமமாக இருப்பதில்லை. ஒன்று, சி5-ஐத் தள்ளிப்போடுவது. கேஸ்லிங் செய்து, பி6 வைத்து, இரண்டாவது பிஷப்பையும் ஓரத்தில் நிறுத்தி, பன்னிரண்டாவது நகர்த்தலில் சி5 ஆடும்போது வெள்ளைக்கு எல்லாம் தயார். டி5 வந்து உட்காரும். இரண்டு, சரியான ஆயத்தமில்லாமல் இ5 வைப்பது. அது ஜி7 பிஷப்பின் முகத்தில் தானே கதவைச் சாத்துவது. ஆனந்த் சோஃபியாவில் இ5 ஆடியபோது பிஷப் மாற்றத்தையும் டி4 சிப்பாயையும் கணக்கிட்டு ஆடினார். மூன்று, சி×டி4 அவசரமாக வெட்டுவது. சி5-உம் டி4-உம் முட்டிக்கொண்டு நிற்கும்வரை சி3 சிப்பாய் காவலுக்குக் கட்டுப்பட்டது. வெட்டிவிட்டால் சி3 கட்டம் வெள்ளைக் குதிரைக்குத் திறந்துவிடும். சி வரிசையில் யானை வைக்கவோ ராணியால் ஏ5-இல் செக் கொடுக்கவோ வழி இருக்கும்போதுதான் வெட்ட வேண்டும்.

டி5 வந்தே விட்டால் என்ன செய்வது? மையத்தில் வெள்ளைக்கு டி, இ என்று இரண்டு. கறுப்பிடம் இ மட்டும். ஓடும் டி சிப்பாய் எப்படியும் உருவாகும். அதன் முன்னால் டி6-இல் ஒரு குதிரையை நிறுத்துவதுதான் மருந்து. ஏ5-இல் ஓரமாகக் கிடக்கும் குதிரை சி4 வழியாகவோ பி7 வழியாகவோ டி6-க்கு வந்து சேரும். ஏ5 குதிரையை "ஓரத்துக் குதிரை" என்று திட்டுகிறவர்கள் இந்த இரண்டடிப் பயணத்தைப் பார்ப்பதில்லை. நிம்சோவிச் வலியுறுத்திய தடுப்பு இதுவே: சிப்பாய்க்கு முன் குதிரையை நட்டுவிட்டால் சிப்பாயும் நிற்கும், அதன் பின்னால் உள்ள பிஷப்பின் பார்வையும் மறையும்.

வெள்ளை ஆடுபவருக்கு இதெல்லாம் தலைவலி என்றால் 3. ஜி3 இருக்கிறது. பிஷப்பை ஜி2-இல் நிறுத்தி டி5-ஐ எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கலாம். கறுப்பு சி6 வைத்து டி5-ஐத் தாங்கி, வெட்டினால் சி சிப்பாயால் திருப்பி வெட்டும். பலகை இருபக்கமும் கண்ணாடி பார்த்ததுபோல் ஆகி, ஆட்டம் பெரும்பாலும் டிராவை நோக்கி நடக்கும். வெற்றி வேண்டும் என்ற நிலையில் இருக்கும் க்ரூன்ஃபெல்ட்காரருக்கு இதைவிட எரிச்சல் தரும் பதில் கிடையாது. அவர் சி6-ஐ விட்டுவிட்டு, பிஷப் ஜி7-க்கும் ஜி2-க்கும் வந்தபின் நேரே டி5 ஆடி, சி×டி5 குதிரை×டி5, இ4 குதிரை பி6 என்று இறங்கினால் ஆட்டத்துக்கு உயிர் வரும். சி3-இல் வெட்டக் குதிரை இல்லாத நிலையில் பி6-தான் சரியான கட்டம். வெள்ளையின் குதிரை இ2-க்கு வரும், டி4-ஐ மறுபடி எண்ணத் தொடங்கலாம்.